டிக்கெட் கிழியும் சத்தத்தில் தொடங்குங்கள்: தனி ஆளாக வீடியோ கேம் செய்ய ஒரு வழிகாட்டி

என் அப்பா 27 வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். திருவாரூர் – மன்னார்குடி தடம். தோளில் தோல் பை, இடது கையில் டிக்கெட் கட்டு, விரல் இடுக்குகளில் நீளவாக்கில் மடித்துச் செருகிய நோட்டுகள். கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளி, 'சர்க்' என்று கிழித்து, பயணியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நீட்டுவார். சின்ன வயதில் பழைய காலண்டர் தாளைக் கட்டாக மடித்து அந்த அசைவைத்தான் செய்து செய்து பார்ப்பேன்.

வளர்ந்த பிறகு சென்னையில் 7 வருஷம் வங்கிகளுக்கான மென்பொருள் எழுதினேன். அப்புறம் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, நெரிசலான டவுன் பஸ்ஸில் டிக்கெட் போடும் கண்டக்டரைப் பற்றி ஒரு கேம் செய்தேன். முழுக்க நானே கோட் எழுதியது. ஓவியத்துக்கு மட்டும் ஒருவர் உதவினார். ஓரளவு நிரல் எழுதத் தெரியும், மனதில் ஒரு கேம் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக, எனக்குப் பலித்த வழியை எழுதுகிறேன்.

கை செய்யும் வேலையைக் கண்டுபிடியுங்கள்

கதை, லோகோ, மெனு எல்லாம் பிறகு. உங்கள் கேமில் ஆடுபவரின் கை எதை அதிக முறை செய்யப்போகிறது? முதலில் இதற்குப் பதில் வேண்டும். என் கேமில் அது டிக்கெட் கிழிப்பது. ஒரு மணி நேரம் ஆடினால் நூற்றுக்கணக்கான முறை அந்தப் பட்டனை அழுத்துவார்கள். அந்த ஒரு அழுத்தல் சுகமாக இல்லாவிட்டால் மேலே எத்தனை அழகைக் கட்டினாலும் நிற்காது.

அதனால் படமே இல்லாமல் தொடங்குங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம் பஸ், சின்னக் கட்டங்கள் பயணிகள். 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடிக்கும் 'கேம் ஜாம்' போட்டிகள் இணையத்தில் வருஷம் முழுக்க நடக்கின்றன. 2002-இல் தொடங்கிய லுடம் டேர் அவற்றில் பழையது. அப்படி ஒன்றில்தான் என் சாம்பல் பஸ் ஓடியது. மலையேறும் பெண்ணைப் பற்றிய 'செலஸ்ட்' 2018-இல் வெளிவந்து கொண்டாடப்பட்டது. அதன் முதல் வடிவத்தை இரண்டு பேர் பிகோ-8 என்ற குட்டிக் கற்பனைக் கணினியில் நான்கு நாளில் செய்தார்கள். குதிப்பது, ஒருமுறை காற்றில் பாய்வது, சுவரை உதைத்துக் குதிப்பது, அவ்வளவுதான் அதில் இருந்தது. அடுத்த இரண்டு வருஷ உழைப்பு அந்த நான்கு நாளின் மேல் எழும்பியது.

சாம்பல் கட்டத்தை யாரிடமாவது கொடுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். மூன்றாவது டிக்கெட்டில் கையை எடுத்துவிட்டால் அந்த யோசனையைக் கைவிட்டுவிடலாம். பயணியே இல்லாதபோதும் சும்மா கிழித்துக்கொண்டே இருந்தால் விஷயம் இருக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் மூன்று யோசனைகளை இப்படித்தான் கைவிட்டேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார இறுதிகள் கொடுத்த பிறகு.

கிழிப்பது எப்படிச் சரியானது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேம் நிரலாளருக்கு உரிய தனி வேலை இதுதான்.

முதல் வடிவத்தில் பட்டனை அழுத்தினால் கை அசையும், தாள் கிழியும், பிறகு டிக்கெட் பயணியிடம் போகும். எல்லாம் சரியாக இருந்தும் உயிர் இல்லை. என்ன குறை என்று புரியவே ஒரு வாரம் ஆனது.

முதலில் சத்தம். அப்பாவின் பழைய கட்டு ஒன்றை வாங்கி, கைபேசியில் கிழிக்கும் ஒலியைப் பதிவு செய்திருந்தேன். அந்தக் கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒலி தொடங்குவதற்கு முன் சுமார் 60 மில்லிவிநாடி வெறும் மௌனம். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் 60 முறை புதிதாக வரையும் படம், ஓடும் கேமில் அது கிட்டத்தட்ட 4 ஃபிரேம் தாமதம். காது அதை 'தாமதம்' என்று சொல்லாது, 'என் கை கிழிக்கவில்லை' என்று சொல்லும். மௌனத்தை வெட்டி எறிந்தேன். அன்றைக்கே பாதி சரியாகிவிட்டது.

அடுத்தது வரிசை. அசைவு முடிந்த பிறகு டிக்கெட் கணக்கில் சேர்வதை மாற்றி, அழுத்திய அதே ஃபிரேமில் கணக்கில் சேர்த்தேன். அசைவு பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொள்ளட்டும். ஆடுபவருக்குப் பதில் உடனே கிடைக்க வேண்டும், அலங்காரம் பிறகு வரலாம்.

மூன்றாவது, முந்திக்கொள்ளும் விரலை மன்னிப்பது. கிழிக்கும் அசைவு 12 ஃபிரேம், அதாவது 0.2 விநாடி. வேகமாக ஆடுபவர் அது முடிவதற்குள் அடுத்த அழுத்தலைக் கொடுத்துவிடுவார். நான் அதை நிராகரித்துக்கொண்டிருந்தேன். இப்போது அசைவின் கடைசி 6 ஃபிரேமுக்குள் வரும் அழுத்தலை ஒரு மாறியில் நினைவில் வைத்து, முடிந்ததும் செயல்படுத்துகிறேன். செலஸ்டிலும் இதே கருணை உண்டு. மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி வரை குதிக்க விடுவார்கள். ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது. 'நான் நன்றாக ஆடுகிறேன்' என்று மட்டும் தோன்றும்.

கடைசியாக, ஒரே சத்தம் நூறு முறை கேட்டால் மிஷின் போல ஆகிவிடும். ஐந்து வெவ்வேறு கிழிசல்களைப் பதிவு செய்து, முந்தையது திரும்ப வராதபடி மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டேன், சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி. அவ்வளவுதான். மொத்தம் நாற்பது வரி கோட் இருக்கலாம். அந்த நாற்பது வரிக்குச் செலவான மூன்று வாரத்தைவிட நான் மகிழ்ச்சியாக இருந்த நாட்கள் குறைவு.

நேரத்தை ஃபிரேமில் எண்ணாதீர்கள்

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். பஸ்ஸை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 4 பிக்சல் நகர்த்தினேன். என் லேப்டாப்பின் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும், அதில் எல்லாம் அழகாக ஓடியது. தோழி ஒருத்தி வீட்டில் 144 ஹெர்ட்ஸ் திரையில் போட்டுப் பார்த்தோம். பஸ் 2.4 மடங்கு வேகத்தில் பறந்தது. டிக்கெட் போட நேரமே இல்லை.

வேகத்தை எப்போதும் விநாடிக் கணக்கில் எழுதுங்கள்: விநாடிக்கு 240 பிக்சல், அதை முந்தைய ஃபிரேமிலிருந்து ஆன நேரத்தால் பெருக்கு. இன்னும் நல்லது, விளையாட்டின் கணக்குகளை விநாடிக்கு 60 முறை என்று நிலையாக ஓடவிட்டு, வரைவதை மட்டும் திரையின் வேகத்துக்கு விட்டுவிடுவது. நான் பயன்படுத்தும் கோடோ எஞ்சினில் (கேம் செய்வதற்கான அடிப்படை மென்பொருள்) இந்த இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன, கணக்குகளின் வேகம் தானாகவே 60 என்று அமைந்திருக்கும். மேலே சொன்ன 6 ஃபிரேம், 12 ஃபிரேம் எல்லாம் இந்த நிலையான கணக்கில்தான்.

எஞ்சின் எது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கோடோ அர்ஜென்டினாவில் இரண்டு நிரலாளர்கள் தொடங்கியது. 2014 முதல் திறந்த மூலம், காசு இல்லை, விற்றாலும் பங்கு கொடுக்க வேண்டாம். யூனிட்டி என்ற எஞ்சினும் நல்ல கருவிதான். ஆனால் 2023 செப்டம்பரில் கேம் எத்தனை முறை நிறுவப்படுகிறது என்ற கணக்கில் கட்டணம் என்று அறிவித்து, ஒரு வருஷம் கழித்துக் கைவிட்டார்கள். அந்த ஒரு வருஷமும் தனி ஆட்கள் பலர் தூக்கமில்லாமல் இருந்ததைப் பார்த்தேன். எதை எடுத்தாலும் உரிம விதிகளை முழுக்கப் படித்துவிட்டு எடுங்கள்.

அப்பா விளையாடிய நாள்

ஆறாவது மாதம் அப்பாவிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். அப்போது என் கேமில் பஸ் நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள், எல்லோருக்கும் டிக்கெட் போட்டு முடித்துவிட்டு விசில் ஊதினால் கிளம்பும். இரண்டு நிறுத்தம் ஆடினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்ன பாப்பா, எல்லாருக்கும் டிக்கெட் போடுற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெச்சிருப்பாங்களா? கடைசி ஆளு படியில கால வெச்சதும் ரெண்டு விசில். வண்டி ஓட ஓடத்தான் டிக்கெட்டு. அடுத்த ஸ்டேஜுக்குள்ள முடிக்கணும்."

அன்று இரவு விசிலையும் டிக்கெட்டையும் பிரித்து எழுதினேன். வண்டி ஓடும்போதே டிக்கெட். ஸ்டேஜ் வந்துவிட்டால் டிக்கெட் வாங்காதவர் இறங்கிப் போய்விடுவார். ஒரே மாற்றத்தில் கேமுக்கு இதயத் துடிப்பு வந்தது. சில்லறை இல்லாதபோது மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பதையும் அப்பாதான் சொன்னார். எழுதிக் கொடுத்த பயணி இறங்கும் முன் அவரைத் தேடிப்போய் மீதி தர வேண்டும். கேமில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இப்போது அதுதான்.

பிறர் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். 'அந்தப் பட்டனை அழுத்துங்க' என்று சொல்லத் துடிக்கும் இடத்தில்தான் உங்கள் வேலை பாக்கி இருக்கிறது. ஒரு தாளில் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: எங்கே தயங்கினார், எங்கே சிரித்தார், எங்கே கைபேசியை எடுத்தார்.

இன்னொரு பழக்கமும் சொல்லிவிடுகிறேன். பயணிகள் எங்கே ஏறுவார்கள், என்ன நோட்டு நீட்டுவார்கள் என்பதையெல்லாம் ரேண்டமாக முடிவு செய்கிறேன். ஆனால் அந்த ரேண்டத்தின் தொடக்க எண்ணைத் திரையின் மூலையில் சின்னதாகக் காட்டுவேன். பிழை வந்தால் ஆடியவர் அந்த எண்ணைப் படமெடுத்து அனுப்புவார். அதே எண்ணைப் போட்டால் அதே கூட்டம் அதே வரிசையில் என் வீட்டிலும் ஏறும். காசை நீட்டிக்கொண்டே ஒரு பயணி ஓடும் பஸ்ஸிலிருந்து காற்றில் நடந்து போன பிழையை இப்படித்தான் பிடித்தேன். ஏறுகிறார், நிற்கிறார், காசு நீட்டுகிறார், டிக்கெட் வாங்கிவிட்டார், இறங்குகிறார் என்று ஐந்து நிலை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு நிலையில்தான் இருக்க முடியும் என்று எழுதினதும் அது போய்விட்டது. கோட் முழுவதையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' (Git) என்ற கருவியில் வைத்துத் தினமும் வெளியே ஒரு பிரதி ஏற்றுங்கள், இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டுவருவது

என் பயணிகள் தமிழில்தான் பேச வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 2022-இல் கோடோ 3-இல் தொடங்கியபோது எழுத்துகள் சிதறின. 'பெ' என்பதைக் கணினி ப, அப்புறம் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறது. கண்ணுக்குக் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்துதரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் 2023 மார்ச்சில் வந்த கோடோ 4-இல் சேர்ந்தது. அதற்காகவே மூன்று வாரம் ஒதுக்கி முழு கேமையும் மாற்றினேன். நீங்கள் எந்த எஞ்சினை எடுத்தாலும் முதல் நாளே 'பெரியம்மா கொடுத்த கௌளி' என்பது போல ஒரு வரியைத் திரையில் போட்டுப் பாருங்கள்.

அத்தோடு முடியவில்லை. வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும்படி வைத்தேன். 'போலாம்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறி. திரையில் ப, போ, போல, போலா, போலாம, போலாம் என்று நொண்டியது. நடுவில் 'போல' என்று வேறு ஒரு சொல்லே வந்துபோனது. அடுத்து வருவது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் முந்தையதோடு சேர்த்தே காட்டு என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது போ, லா, ம். சரியாக மூன்று தட்டு.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளவற்றை எடுங்கள். அவற்றைக் கேமுக்குள் வைத்து விற்கலாம். பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்கள் யூனிகோடு எழுத்துக்கு உதவாது. பட்டன்களின் அகலத்தையும் தாராளமாக விடுங்கள், 'அமைப்புகள்' என்ற சொல்லுக்கு இடம் வேண்டும்.

தமிழில் கேம் செய்தால் யார் ஆடுவார்கள் என்று கேட்பவர்களுக்கு: கனடாவின் டொரன்டோவில் ஒரு சிறு குழு செய்த 'வெண்பா' 2023-இல் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பமும் அந்த அம்மாவின் சமையலும்தான் கதை, இட்லியில் தொடங்குகிறது. 2024-இல் ஐஜிஎஃப் என்ற சுயாதீன கேம் விழாவின் பெரும் பரிசு அதற்குக் கிடைத்தது. அதை முடித்த அன்று நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரே உட்காரலில் முடிந்துவிடும் கேம்தான் அது. தனி ஆளாகச் செய்பவர்கள் இதை மனதில் வையுங்கள், பெரிய கேம் செய்யத் தேவையில்லை.

சோற்றுக்கு வழி

12 மாத வீட்டுச் செலவைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வேலையை விட்டேன். அது ஒன்பதாவது மாதத்திலேயே தீரும் நிலைக்கு வந்தது. பிறகு வாரத்தில் மூன்று நாள் வெளி நிறுவனங்களுக்கு ஒப்பந்த வேலை, மூன்று நாள் கேம், ஞாயிறு ஓய்வு என்று பிரித்தேன். ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் மூன்று மாதப் பணத்தை இழுத்தடித்தது. அதன் பிறகு 40% முன்பணம் வராமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இப்படிப் பிரிந்து வாழ்வதில் குறைவு எதுவும் இல்லை. 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய கேமை எரிக் பரோன் தனி ஆளாக நான்கரை வருஷம் செய்தார். அந்தக் காலத்தில் சியாட்டில் நகரின் ஓர் அரங்கில், வருபவர்களை இருக்கைக்கு அழைத்துப்போகும் பகுதி நேர வேலையில் இருந்தார்.

வீட்டாருக்குக் கணக்கைக் காட்டுங்கள். 'நிரந்தர வேலைய விட்டுட்டு என்னடி இது' என்று அம்மா கேட்டபோது நான் கனவைப் பற்றிப் பேசவில்லை. மாதா மாதம் வரவு, செலவு, கேமில் என்ன முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நாலாவது மாதம் அம்மாவே அதை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

விற்பனைக் கணக்கையும் முன்பே போட்டுப் பாருங்கள். கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், 1,000 டாலர் விற்றபின் அது திரும்ப வரும். இந்தியாவில் 250 ரூபாய் விலை வைத்தால், 18% ஜிஎஸ்டி போக சுமார் 212. அதில் ஸ்டீமின் பங்கு 30% போக நம் கைக்கு ஏறக்குறைய 148. அமெரிக்காவில் விற்பதன் மேல் அந்நாட்டு வரி 30% பிடிப்பார்கள். பான் எண்ணோடு வரிப் படிவத்தைச் சரியாக நிரப்பினால் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15% ஆகும். இதைப் பதிவு செய்யும் நாளிலேயே செய்யுங்கள். ஓவியருக்கும் இசையமைப்பவருக்கும் பணத்தோடு, உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வைத்துவிடுங்கள்.

வெளியிடும் மாதங்கள்

100 டாலர் கட்டிய பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். 'விரைவில்' என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது வெளியில் இருக்க வேண்டும். இதெல்லாம் குறைந்தபட்சம்தான். நான் எட்டு மாதம் முன்பே பக்கத்தைத் திறந்தேன், கேம் வரும் நாளில் விருப்பப் பட்டியலில் வைத்தவர்களுக்கு ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழாவில் ஒரு கேம் ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். டெமோ நன்றாகப் பழுத்த பிறகு போங்கள். அதற்கு முன் இட்ச் (itch.io) என்ற கேம் தளத்தில் டெமோவை இலவசமாக வைத்துப் பிழைகளைப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே விற்றாலும் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே முடிவு செய்யலாம், வழக்கமாக 10%.

டிரைலரில் லோகோவை முதலில் போடாதீர்கள். என்னுடையது இருட்டில் ஒரு 'சர்க்', இரண்டு விசில், 'போலாம் ரைட்' என்று தொடங்கும். மூன்று விநாடிக்குள் ஆடுபவரின் கை என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துவிடும்.

2024-இல் வெளியிட்டேன், ஒரு செவ்வாய்க்கிழமை. வாரத்தின் மீதி நாட்கள் பிழை திருத்தக் கிடைக்கும் என்பதுதான் காரணம். முதல் வாரம் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேஜையில் இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், பின்படிக்கட்டுப் பயணிக்கு மீதி இரண்டு ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஊர் ஞாபகம் வந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தார். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இப்போது மறுபடி சாம்பல் கட்டங்களில் இருக்கிறேன். பல்லாங்குழி. கை நகர நகர ஒவ்வொரு குழியிலும் ஒரு புளியங்கொட்டை விழ வேண்டும். விழுகிறது, ஆனால் கனம் இல்லை. மரப்பலகையில் விழும் அந்தச் சத்தம் இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய், அவரிடம் இருக்கும் பழைய பலகையில் பதிவு செய்துகொண்டு வரப்போகிறேன்.